திரைச்சீலைக்கு வெளியே நின்றவள்

நேற்று மத்தியானம் மகளின் அறையிலிருந்து ஒரு பெண் குரல், "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டது. பதறிப்போய், சாத்தியிருந்த கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பேசியது அவள் போன். நர்சிங் முடித்தவள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிறாளாம். அதற்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். உன் நினைப்பு வந்தது, திரும்பிவிட்டேன்.

என் சந்தேக புத்தி உனக்குத் தெரியாததா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் நர்ஸ் வேலை பார்த்த நாளில், டாக்டர் சிரித்துப் பேசினாலே யாரை வேலையை விட்டு நிறுத்தப் போகிறாரோ என்று நினைப்பேன். "இவ காப்பியக் கூட மோந்து பாத்துத்தான் குடிப்பா" என்று வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் புதிதாக வந்திருந்தது. பலகைத் தடுப்பு, ஆளுக்கொரு திரைச்சீலை. அதற்குள் ஒரு பெண் தனியாகப் போனால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு ஞாயிறுதோறும் நீ அங்கேதான் போனாய். துணி எடுக்க வந்திருந்த நான் ஒருநாள் உன்னைக் கண்டு, பின்னாலேயே வந்து, திரைக்கு வெளியே நின்றேன்.

"நன்றாகத் தூங்கினீர்களா? பயப்படாதீர்கள், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்." எல்லாம் இங்கிலீஷில், அத்தனை கனிவாக, உன் குரலில். என் அரைகுறை இங்கிலீஷுக்கு அது போதும். எவனோ ஒருவன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் கேட்டேன். "நேத்து யாருகூட ஏட்டி பேசிட்டு இருந்த?"

நீ திடுக்கிட்டாய். "யாருமில்ல. நர்சு நோயாளிட்ட எப்படிப் பேசணும்னு இன்டர்நெட்ல பாடம் போட்டிருக்கான். ஹெட்போன்ல கேட்டுத் திருப்பிச் சொல்லுதேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ வருது. அண்ணன்ட்ட சொல்லிராத, போக விடமாட்டான்."

"பாடத்துக்கு எம்புட்டு?"

"பாடம் சும்மாதான்."

அந்தச் 'சும்மா'தான் எனக்கு உறுத்தியது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு எவன் சும்மா பாடம் நடத்துவான்? நீ பொய் சொல்கிறாய் என்றே நினைத்தேன்.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த உன் அண்ணன், உன்னைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஞாயித்துக்கிழம எங்க போறான்னு செத்த பாத்துக்கிடுங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைப்பு. நீ என்னை விட்டுப் போய்விடுவாயோ என்ற பயமும் அதில் இருந்திருக்கலாம். இந்த விஷயத்தில் நான் என்னையும் நம்புவதில்லை.

அண்ணன் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் நிறுத்திவிட்டார். நீ அழுது அடம்பிடித்ததில் மதுரை இன்டர்வியூவுக்கு அவரே கூட்டிப்போனார். திரும்பி வந்து, "அவிய கேட்டது பாதிதான் புரிஞ்சிச்சு. இன்னும் நாலஞ்சு பாடம் கேட்டிருந்தா சமாளிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஒருவருக்குக் கட்டு மாற்றப் போய்விட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ சொன்னதெல்லாம் நிஜம் என்று. அதே வார்டில் உன் காலமெல்லாம் போயிற்று.

போன வருஷம் நீ கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். நீயாகவே ஆரம்பித்தாய். "அண்ணன்ட்ட அன்னைக்கு யாரு சொன்னான்னு நான் கேக்கவே இல்லட்டி."

"ஏன்?"

"கேட்டா தெரிஞ்சிரும்லா."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய். தெரிந்துதான் பிடித்தாயா, தெரியாமல் பிடித்தாயா என்று இன்றுவரை பிடிபடவில்லை. ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டவள் நான்; நீ என்னைச் சந்தேகப்பட்டிருப்பாய் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான்தான் சொன்னேன்.