சீட்டில்லாமல் கொடுத்த பேரிங்

அண்ணா,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று காலை பயிற்சிக் கூடத்தைத் திறந்ததும் புது ஃப்ளெக்ஸின் வாடை முகத்தில் அடித்தது. சுவர் முழுக்க நீங்கள். ஒட்ட வெட்டிய மீசை, நான் கட்டிவிட்ட டை. கீழே, "இருபத்தாறு ஆண்டு அரசுப் பணி. இன்று தனியார் துறையில் வெற்றிநடை" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்களைக் குருபரப்பள்ளியில், உங்கள் நிலத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. எந்த இன்று?

நம் அரசு நிறுவனத்தை மூடியபோது இருவரும் ஒரே நாளில் வெளியே வந்தோம். நீங்கள் ஸ்டோர்ஸ் கீப்பர், நான் அலுவலகக் கண்காணிப்பாளர். வேலை போன நம் ஆட்களைத் தனியார் கம்பெனிகளுக்குத் தயார்படுத்த ஓசூரில் ஒரு ஏஜென்சியை அமர்த்தினார்கள். எம்.ஏ. படித்தவன், ஆங்கிலம் பேசுவான் என்று என்னையே அவர்கள் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார்கள். கேண்டீனில் என்னோடு டீ குடித்தவர்கள் என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் என்னைத் "தம்பி" என்பதை விட்டு "வாத்தியாரே" என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். அது மரியாதை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஒத்திகை இன்டர்வியூவில், "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றேன். எழுந்து நின்றீர்கள்.

"ஜாயின் பண்ண தேதியிலருந்து சொல்லட்டுங்களா? ஆர்டர் நம்பரும் சேத்துச் சொல்லணுங்களா?"

கூடமே சிரித்தது. "ஒக்காந்து பேசுங்கண்ணா, அங்க யாரும் எந்திரிக்க மாட்டாங்க" என்றேன்.

"ஒக்காந்தா வாய் வரலியே வாத்தியாரே."

அதையெல்லாம் நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டீர்கள். ஒன்றே ஒன்றில்தான் மல்லுக்கு நின்றீர்கள். தனியார் கம்பெனியில் போனில் கேட்பார்கள், உடனே சாமானைக் கொடுத்துவிட வேண்டும், கையெழுத்துப் போட்ட சீட்டு பிறகு வரும் என்று நான் சொன்னபோது முகம் மாறிவிட்டது.

"சீட்டு இல்லன்னா ஜி.எம்.மே வந்தாலும் கம்பி வலைக்கு அந்தப் பக்கந்தான் நிப்பாரு. என்கிட்ட வந்து என்னா சொல்ற நீ?"

"அப்படி இருந்ததாலதான் நம்மள மூடிட்டாங்க" என்றேன். ஏஜென்சி கொடுத்த புத்தகத்தில் இருந்த வரி அது. பொய் என்று தெரிந்தே சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் வாதாடவில்லை.

போச்சம்பள்ளியில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. மூன்று மாதம் தாண்டிய சில நாளில் ஒரு சூப்பர்வைசர் போன் செய்து, லைன் நிற்கிறது, பேரிங்கைக் கொடுத்தனுப்புங்கள், சீட்டு மதியம் வரும் என்றார். நான் பழக்கியபடி கொடுத்தீர்கள். சீட்டு வரவில்லை. இருப்பைச் சரிபார்த்தபோது பேரிங் குறைந்தது. கேட்கவே இல்லை என்று சூப்பர்வைசர் கைவிரித்தார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள்.

அன்று என்னைப் போனில் கூப்பிட்டீர்கள். "ஒரு தடவ வந்து சொல்லிட்டுப் போ. நீதான் இப்பிடிக் குடுக்கப் பழக்குனன்னு. வேற ஒண்ணும் வேணாம்." அதற்குள் என் மேனேஜருக்கும் விஷயம் போயிருந்தது. "கிளையன்ட்டோட மோதாதீங்க சார், அங்க இன்னும் நம்ம ஆளுங்கள அனுப்பணும்" என்றார். எனக்கு வகுப்பு இருக்கிறது என்று உங்களிடம் சொன்னேன். "சரி, பாரு" என்று வைத்துவிட்டீர்கள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். வேலையை விட்டுப் போகச் சொன்னபோது கேட்டில் நின்று கத்தியிருக்கலாம், நாலு பேரைக் கூட்டியிருக்கலாம். நீங்களோ அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டீர்களாம். அதையும் கொடுக்கவில்லையாம். இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அவர் சொல்லிவிட்டார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூன்று மாதம் வேலை பார்த்தாலே ஏஜென்சி கணக்கில் நீங்கள் வெற்றி. அதனால்தான் சுவரில் இருக்கிறீர்கள்.

இப்போது வேறொரு அரசு நிறுவனத்தை மூடியிருக்கிறார்கள். முன் பெஞ்சில் அங்கிருந்து வந்த ஸ்டோர்ஸ்காரர் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். இன்று உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சார், இவரும் நம்ம ஸ்டோர்ஸ்தாங்களா? இப்ப எங்கீங்க இருக்காரு?"

"போச்சம்பள்ளியில" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"அப்ப நல்லதாப் போச்சுங்க. எனக்கும் அடுத்த வாரம் அங்கதான் இன்டர்வியூ. பாத்து ரெண்டு வார்த்த கேட்டுக்கிறேன்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

நான் அவருக்கு நாளை நடத்த வேண்டிய பாடமும் அதே பாடம்தான். நடத்தத்தான் போகிறேன். என்னிடம் அவ்வளவுதான் தைரியம் மிச்சமிருக்கிறது. ஆனால் அவருடைய வீட்டு விலாசம் பதிவேட்டில் இருக்கிறது. இந்த மடல் உங்களுக்கு வந்து சேராது, அவருக்குச் சேரும். எவன் போனில் கேட்டாலும், லைனே நின்றாலும், சீட்டு கைக்கு வராமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாதீர்கள் என்று நான் வகுப்பில் சொல்ல முடியாததை இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

படித்ததும் எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் ஏஜென்சி கையில் சிக்கினால் அதில் என் பெயர் இருக்கக் கூடாது. எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது, இந்த வேலையும் போனால் என்னை எடுக்க ஆளில்லை. பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள், அண்ணா.