வாழைப்பட்டையும் வெள்ளித் தட்டும்

நனைந்த வாழைப்பட்டையின் வாடை இன்று காலை மண்டபத்தில் வீசியபோது, பாடிக்கொண்டிருந்த பதிகத்தின் அடி எனக்குத் தவறிப்போனது. ஐம்பது ஆண்டுகளாக ஓதுவாராக இருப்பவனுக்கு நேரக் கூடாத பிழை அது. நிமிர்ந்து பார்த்தேன். கொடிமரத்தருகே புதிய கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். “பறக்கற ஈயைக்கூட விடாது சாமி” என்றார் கோயில் எழுத்தர். நான் நம்பவில்லை. இந்த நம்பாமை உங்களிடமிருந்து என்னைத் தொற்றியது, நண்பரே.

பழைய கேமரா வந்த ஆண்டு, திருவாதிரைத் திருநாளின் மாலையில் அபிடேக வெள்ளித் தட்டு காணாமற்போனது. திரையில் ஓட்டிப் பார்த்தோம். பூக்கட்டும் அஞ்சம்மாள் விரைந்து வெளியேறுகிறாள். அவள் கையில் வெண்மையாக ஏதோ பளிச்சிடுகிறது. “தட்டேதான்” என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது.

“பூ வாடாம மடிச்சு வைக்கிற பட்டைங்க அது! சாமி நடையில நின்னு பொய் சொல்லுவேனா?” என்று அவள் அழுதாள். கோயில் வாசலில் அவள் இனி அமரக் கூடாதென்று நிர்வாகக் குழுவினர் தீர்மானம் எழுதவிருந்தார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. வேறு அடையாளமும் இல்லை, பூக்காரி என்பதைத் தவிர.

விழாவைப் படமெடுக்க மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த நீங்கள்தான் குறுக்கே வந்தீர்கள். “நிக்கறதை எந்தக் கேமராவும் எடுக்கும் ஓதுவாரே. நடக்கறதை எடுக்குதான்னு பார்த்தீங்களா?”

உங்களையும் ஐயுற்றேன். உங்கள் ஸ்டூடியோவுக்கு வாரந்தோறும் மாலை கட்டித் தருபவள் அவள். “வேண்டியவளுக்காகப் பேசுறீங்க” என்றேன், எல்லோர் முன்னிலையிலும்.

நீங்கள் சினக்கவில்லை. “அப்ப நீங்களே நடங்க. பதிகம் பாடறவர் கையை யாரு சந்தேகப்படப் போறாங்க?”

மறுநாள் அதே மங்கிய பொழுதில், ஈரம் சொட்டும் பட்டையொன்றை என்னிடம் தந்தீர்கள். முதலில் மெல்ல நடந்தேன். திரையில் பட்டையின் வரிகள்கூடத் தெரிந்தன. “இப்ப கடைசி பஸ்ஸை விடப்போற மாதிரி நடங்க” என்றீர்கள். நடந்தேன். வந்து பார்த்தால், திரையில் என் கையில் வெள்ளித் தட்டு.

“ஓதுவாரைப் பிடிச்சாச்சுய்யா!” என்று குழுவில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் திரையில் தெரிந்தவன் நானாக இல்லாதிருந்தால், அவனைத் திருடன் என்றே சொல்லியிருப்பேன்.

வெளியே வந்ததும் கூத்தன் சன்னிதியைக் காட்டிச் சொன்னீர்கள்: “தூக்கின காலு, பறக்கற சடை, ஒண்ணுகூடக் கலங்கலை. அதை வார்த்தவனுக்கு நின்னு பார்க்கப் பொறுமை இருந்துச்சு. இந்தக் கேமராவுக்கு வெளிச்சம் குறைஞ்சா அசையறதெல்லாம் கலங்கி இழுத்துப்போயிடும்.”

அஞ்சம்மாள் வாசலில் தங்கினாள். தட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் எடுக்கவில்லை என்பதை உங்கள் சோதனையும் மெய்ப்பிக்கவில்லையே என்று பின்னொரு நாள் உங்களிடம் கேட்டேன். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்களேன். அதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க?” என்றீர்கள். சிவாகமங்களைக் கேட்டு வளர்ந்த நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பழகுவதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

குழுவில் மூத்தவன் என்பதால், புதிய கேமரா சரியாக இருக்கிறதென்று நான் கையெழுத்திட வேண்டுமாம். நண்பகல் வெயிலில் எழுத்தர் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினார். படம் துல்லியமாகத்தான் இருந்தது. அவர் பேனாவை நீட்டினார், நான் வாங்கவில்லை.

வாசலுக்குப் போய் அஞ்சம்மாளிடம் ஒரு பட்டை கேட்டேன். கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “எதுக்குங்க சாமி?” என்று என் முகத்தையே பார்த்தாள். இத்தனை ஆண்டு கழித்தும் அவளுக்கு என் மேல் ஐயம். அது நியாயமானதே.

“நான்தான் நடக்கப் போறேன், அம்மா” என்றேன். நீரில் தோய்த்து, உதறாமலே கொடுத்தாள்.

இதை எழுதும்போது பட்டை என் பக்கத்தில் ஈரமாக இருக்கிறது. வெயில் கோபுரத்தின் மேல்நிலைக்கு ஏறிவிட்டது. இன்னும் சற்று மங்கட்டும். பிறகு வேகமாக நடப்பேன்.