தண்ணீரில் இறங்கிய கழுகுக்குஞ்சு

மொன்றியல்
செப்டெம்பர் 14

அன்பு மகள் பிரஷாந்தினிக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், நீயும் அந்தக் குளிரில் தடிமன் இருமல் வராமல் இருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டபடி எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது. அடுத்த மாதத்தில் இருந்து சின்னப் படகில் ஏரிக்குப் போய் மீன் எண்ணும் வேலை என்று நீ சொன்ன நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை லொங்குய்ய் ஆற்றங்கரையில் நடக்கும்போது ஒரு பெரிய பறவை மீனைப் பிடிக்கப் போய்த் தண்ணீரிலேயே விழுந்துவிட்டது. உடம்பெல்லாம் மண்ணிறம், நான் பருந்து என்று நினைத்தேன். கூட வந்த பேனாட் அண்ணை, குருநகரில் கடல்தொழில் செய்தவர் என்று உனக்குத் தெரியும்தானே, அது வெண்தலைக் கழுகின் இந்த வருடக் குஞ்சு, தலை வெளுக்க இன்னும் நாலைந்து வருடம் ஆகும் என்றார். சிறகு நனைந்து பாரமாகி அதனால் எழும்ப முடியவில்லை. நான் கத்தத் தொடங்க, சும்மா இரும் தங்கச்சி, நீர் கத்தினா அது பயந்து அங்கால் கரைக்கெல்லோ போயிடும், செட்டையால வலிச்சுக்கொண்டு வரும் பாரும் என்று பகிடி பண்ணினார். அப்படித்தான் வந்தது, துடுப்புப் போடுவதுபோல இரண்டு சிறகாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி. நடுவில் ஒருமுறை நின்றுவிட்டது, தலை மட்டும் தெரிந்தது, அப்போது அண்ணையின் முகத்திலும் சிரிப்பில்லை. கரை தூரமெண்டா, தண்ணி குளிர்ந்தா, இதுகள் களைச்சு அடியில தாண்டு போறதும் உண்டு என்று பிறகுதான் சொன்னார். கடைசியில் ஒரு கல்லில் ஏறி நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்குச் சிறகால் துடுப்பு வலிக்கவாவது தெரிந்திருந்தது பிள்ளை, உனக்கு அதுவும் தெரியாது.

அதற்குக் காரணம் நான். நாலாம் வகுப்பில் பாடசாலை நீச்சலுக்குப் படிவம் வந்தபோது உனக்குக் காதில் சீழ், தண்ணீர் படக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன், பிறகு ஒவ்வொரு வருடமும் அதையே எழுதினேன். சின்ன வயதில் சண்டைக்கு ஓடி இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடந்தபோது பிடித்த பயம் என்னை விடவே இல்லை. நீ இன்றைக்கும் பஞ்சு வைத்துக்கொண்டு குளிக்கிறாய். உன் காதில் ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.

கோபித்துக்கொள், ஒரு மாதம் கதைக்காமல் இரு, ஆனால் படகில் ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டு, இந்தக் கிழமையே நீச்சல் வகுப்பில் பெயரைக் கொடு. முருகன் உன்னைக் கரை சேர்த்துக்கொண்டே இருக்கட்டும். அந்தப் பஞ்சை எறிந்துவிடு.

உன் பயந்தாங்கொள்ளி அம்மா
தாட்சாயினி