மேசை இல்லாத ஒன்பது நாட்கள்

என் பிரியத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சங்கரன்கோவிலில் இரண்டு தெரு தள்ளி நாற்பது வருஷம் குடியிருந்த நமக்குள் கடிதத்துக்கு என்ன வேலை இருந்தது? மூன்று முறை பென்சிலால் எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த நாலாவதையும் கிழித்துவிடக் கூடாது என்பதால் மையில் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கட்டும். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் ஒருவருக்குத் தன் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்க நினைப்பவர் யாராவது படித்தால், நான் செய்த தப்பை அவர் செய்யாமல் இருக்கலாம். ஆனால் கேள்வி உங்களிடம்தான். அதைக் கடைசியில் கேட்கிறேன். எடுத்த எடுப்பில் கேட்கும் துணிச்சல் எனக்கு எப்போது இருந்தது?

தாலுகா ஆபீசில் ரிக்கார்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், உங்கள் தேயிலைக் கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பரணைக் காட்டி, "வே மாப்ளே, மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு இங்கன இருந்தா ஒரு பய தேயில வாங்க வர மாட்டான். மேல காலிப் பொட்டி கெடக்கு. எடுத்துட்டுப் போயி எதையாவது அறுத்துத் தொலையும்" என்றீர்கள்.

அவை உலகச் சண்டைக்கு முன்னால் வந்த தேயிலைப் பெட்டிகள். விளிம்புத் தகரத்தை நெம்பி, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்துப் பார்த்தபோது, பலகை அரிசி மாவு நிறத்தில் இருந்தது. முடிச்சு இல்லை, வெடிப்பு இல்லை. மூன்று மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியது. அகராதியையும் பழைய ஆங்கிலக் கைத்தொழில் புத்தகம் ஒன்றையும் புரட்டி, அது குளிர் தேசத்தில் வளரும் பிர்ச் என்ற மரம் என்று கண்டுபிடித்து உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் அதை விரலால் சுண்டிப் பார்த்து, "அப்பளத்துக்கு இங்கிலீசுப் பேரு வேற வச்சிருக்கானா?" என்றீர்கள். அன்றிலிருந்து நம் இரண்டு வீட்டிலும் அதற்கு அப்பளப் பலகை என்றே பெயர்.

அந்தப் பலகை என் சுபாவத்துக்கு ஒத்துப்போயிற்று. கோடு போட்ட இடத்தில் முதலில் இரண்டு பக்கமும் கத்தியால் கீறிக்கொள்ள வேண்டும். அப்படிக் கீறாமல் ரம்பத்தை வைத்தால் அடிப்பக்கம் சிலும்பு சிலும்பாகப் பெயர்ந்து வரும். அவசரக்காரனுக்கு அடங்காது. நான் ஒரு கோட்டை நான்கு தரம் அளப்பவன். கடிதம் செருகும் தட்டு, படச்சட்டம், அக்காவுக்கு மருந்துப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். முதல் தட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதைத்தான் கேட்டு வாங்கி உங்கள் கடைச் சுவரில் மாட்டினீர்கள். வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க மாப்ள செஞ்சது. தலையைச் சாச்சுப் பாத்தியன்னா நேரா இருக்கும்" என்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். கழற்றச் சொல்லவும் மனம் வராது.

பிறகு அந்த ஆவணி வந்தது. உங்கள் வலப்பக்கம் விழுந்துவிட்டது.

பேச்சு பத்து நாளில் திரும்பியது. கை திரும்பவில்லை. விரல்கள் பற்றும், தூக்கத்தான் தெம்பில்லை. அக்கா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுவந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பீர்கள். "ஏட்டி, நான் என்ன பல்லு மொளைக்காத புள்ளையா? தட்ட வச்சிட்டுப் போ." தட்டை வைத்துவிட்டுப் போனால் பாதி படுக்கையில் சிந்தும், மீதி அப்படியே இருக்கும். நீங்கள் இளைக்கவில்லை, ஆனால் நிறம் போய்க்கொண்டே இருந்தது.

முழங்கையை ஊன்றிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் கை வாய்க்கு எட்டும் என்று வைத்தியர் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏ தம்பி, ஒன் அப்பளப் பலகையில இதுக்கு ஒண்ணு செய்ய முடியாதா?"

என் புத்தகத்திலேயே அதற்கு ஒரு படம் இருந்தது. படுக்கையில் கிடப்பவரின் இடுப்புக்கு மேல், இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கிற குட்டை மேசை. பதினொரு படிகளாக விளக்கியிருந்தார்கள். முதல் படி: நோயாளியை அளந்துகொள்ளவும்.

பத்துப் படியை ஒரு நூல் பிசகாமல் செய்தேன், அத்தான். முதல் படியை மட்டும் செய்யவில்லை.

எப்படிச் செய்வேன்? நம் வீடுகளில் படுத்துக் கிடப்பவரை யார் அளப்பார்கள்? நாடாவை எடுத்தாலே பாடைக்கோ என்றுதான் எல்லோர் மனதிலும் தோன்றும். அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் நாடாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வந்தேன். இரண்டு நாளும் வெயில் அதிகம் என்று பேசிவிட்டுத் திரும்பினேன். அதுவும் போக, உங்கள் கட்டிலில் நான் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறேனா? அத்தானின் வயிற்றுக்குக் குறுக்கே கையை நீட்டி அளப்பது என்னால் ஆகிற காரியமா?

ஆகவே வீட்டுக்குப் போய், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து, என்னை நானே அளந்தேன். ஒன்பது அங்குலம்.

என்னைப் பார்த்தவர்களுக்கும் உங்களைப் பார்த்தவர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மேசையைக் கொண்டுவந்து உங்கள் மேல் வைத்தபோது அது உங்கள் வயிற்றின் மேலேயே உட்கார்ந்தது. கால்கள் நான்கும் அந்தரத்தில் நின்றன. நீங்கள் மூச்சு விட, தட்டு ஏறி இறங்கியது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் மேசையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "என்னவே மாப்ளே, ஒம்ம வயித்துக்குச் செஞ்ச மேசைய எம்மேல வச்சு என்னத்துக்குவே மெரட்டுதீரு?" அந்த ஆவணிக்குப் பிறகு நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் அதை வைத்தே சாப்பிட்டீர்கள். அக்கா இரண்டு பக்கமும் மடித்த ஜமக்காளத்தைக் கொடுத்து உயர்த்தினாள். மேசை ஆடியது. ரசம் கொட்டி ஒரு மூலையில் ஏடு பிரிந்து எழுந்தது. என்றாலும் பன்னிரண்டு நாள், முழங்கையை ஊன்றி, உங்கள் கையால் சாப்பிட்டீர்கள். நான் ஜன்னல் பக்கமாக நின்று பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி உள்ளே வருவேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஐப்பசி பிறந்ததும் நான் வந்து மேசையை எடுத்தேன். "நாலே நாள், அத்தான். காலை உயர்த்திக் கொண்டாந்துருதேன்" என்றேன். ஆடுவதும் ஏடு பிரிந்ததும் வருகிறவர்கள் கண்ணில் படுகிறதே என்பது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. புதுக் கால்களைச் செய்து முடித்துவிட்டு மேசையை எடுத்திருக்கலாம் அல்லவா? பலகையா இல்லை? பரணில் இன்னும் இரண்டு பெட்டி இருந்ததே. என் குறையை ஒளித்து வைக்கத்தான் உங்கள் தட்டுக்கு அடியிலிருந்து அதை உருவிக்கொண்டு போனேன். இதை இந்த ஒரு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

நாலு நாளில் முடியவில்லை. அடைமழை. வச்சிரப் பசை காயவே இல்லை. ஒரு கால் மட்டும் கால் அங்குலம் குறைந்தது. அதற்காக மற்றதை இழைத்தேன். பிறகு அது குறைந்தது. மறுபடி முதலிலிருந்து அறுத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் உப்புத்தாள் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, ஆடாமல் நிற்கிறதா என்று தரையில் வைத்துப் பார்த்தேன். நின்றது. அந்த நேரத்தில்தான் உங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றது.

கடைசி ஒன்பது நாள் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அக்கா பதில் சொல்லிவிடுவாளே என்று பயம். மேசையின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போவேன், வாசலோடு பேசிவிட்டு வருவேன். இந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் எதிரே வந்தவளைப் பார்த்து, கடலை வாங்குகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

போன வாரம் உங்கள் தலைத்திவசம். தப்பிக்க வழியில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏ தம்பி, அந்த மேசைய எங்க வச்சிருக்க?"

"வீட்டுலதான் இருக்கு. அக்கா, நான் அதை எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது. அத்தான் கடைசில பட்டினியா..." என்று ஆரம்பித்தேன்.

"பட்டினியா? யாரு சொன்னா? ஒன்பது நாளும் மூணு வேளையும் தின்னாவளே!"

"யாரு குடுத்தா? ஒங்கிட்டதான் வாயத் தெறக்க மாட்டாவளே."

அக்கா கூடத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்த சங்கரலிங்கத்தைக் கண்ணால் காட்டினாள்.

உங்கள் மகனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கடை வேண்டாமென்று புளியங்குடி எலுமிச்சை மண்டியில் போய்ச் சேர்ந்தவன். "தேயிலக்காரன் மவன் எலுமிச்சங்கா கூவுதான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அவனோடு பேசுவதை நிறுத்தினீர்கள். இரண்டு வருஷம். அவன் வருவான், அடுப்படியில் தாயோடு உட்கார்ந்துவிட்டுப் போவான். நீங்கள் படுத்த பிறகும் உங்கள் அறை நிலைப்படியைத் தாண்டியதில்லை.

அக்கா சொன்னாள்: "நீ மேசைய எடுத்துட்டுப் போன அன்னைக்கி இவன் வந்திருந்தான். தட்ட எங்கன வைக்கன்னு நான் முழிக்கேன். இவன் ஒண்ணும் பேசாம தட்டத் தன் உள்ளங்கையில ஏந்திக்கிட்டு, கட்டில் ஓரத்துல இருந்தான். அவுக அவன் கையிலயே முழங்கைய ஊனிக்கிட்டாவ. மொதக் கவளத்த எடுத்தவுக அப்படியே நிறுத்திட்டாவ. 'ஏலே, என்னலே ஒங் கையெல்லாம் எலுமிச்சங்கா வாட அடிக்கு?'ன்னாவ. இவன், 'ஒங்க கையில முப்பது வருசமா தேயில வாட அடிக்கலியா?'ன்னான். நான் அடுப்படியில நடுங்கிக்கிட்டு நிக்கேன். அவுக என்னடான்னா சிரிக்காவ. அதுக்கப்புறம் ஒன்பது நாளும் மண்டிக்குப் போகல இவன்."

அக்கா இன்னொன்றும் சொன்னாள்.

"அஞ்சாம் நாளு, ஒன்ன அவசரப்படுத்தி ஆள் விடவான்னு கேட்டேன். 'வேண்டாம்ட்டி, மாப்ள அளந்து முடிக்கட்டும். மேசை வந்துட்டா இந்தப் பய எந்திரிச்சுப் போயிருவான்'னாவ."

என் கேள்வி இதுதான், அத்தான். நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?

தம்பி முகம் வாடியிருக்கிறதே என்று அக்கா அந்த இடத்திலேயே கட்டிச் சொன்னதோ என்று இரண்டு நாள் குழம்பினேன். சங்கரலிங்கத்திடம் போனேன். மண்டியை விட்டுவிடவில்லை, வாரம் மூன்று நாள் உங்கள் கடையையும் பார்க்கிறான். தேயிலைப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் ஒரு கூடை எலுமிச்சையும் இருக்கிறது. என் சரிந்த தட்டு அதே ஆணியில் அதே சரிவோடு தொங்குகிறது. நான் கேட்டதற்கு அவன் நேராகப் பதில் சொல்லவில்லை. இடது முழங்கைக்குக் கீழே ஓரிடத்தைத் தடவிக் காட்டி, "நல்ல கனம், மாமா" என்றான். அவ்வளவுதான்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சில கணக்கு கால் அங்குலம் குறைந்தே இருக்கட்டும்.

மேசை மேல் கிடந்த வேட்டியை எடுத்துவிட்டேன். கால்களில் அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு முளை செருகியிருக்கிறேன். இப்போது யார் வயிற்றுக்கும் உயர்த்தலாம், தாழ்த்தலாம். என் தெருக் கோடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், உங்களைப் போலவே வலப்பக்கம் விழுந்து படுத்திருக்கிறார். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலிலேயே உட்கார்ந்தேன். நாடாவை எடுத்தேன். அவர் சம்சாரத்தின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனாலும் நாடாவைப் பையில் திரும்பப் போடவில்லை. "சாப்பாட்டு மேசைக்கு அளவு எடுக்கேன்ம்மா" என்றேன்.

தபால்காரர் குழறலோடு சொன்னார்: "நல்லா அளங்க சார். ஆனா உச்சந்தலையில ஆரம்பிச்சு உள்ளங்காலு வரைக்கும் மட்டும் அளந்துராதிய."

பதினோர் அங்குலம். மேசையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். அதற்கு மேல் வரியில் உங்கள் அளவு இருக்கிறது: அத்தான், பன்னிரண்டரை. அதை நான் நாடா வைத்து எடுக்கவில்லை. அக்காவின் ஜமக்காள மடிப்பைக் கணக்குப் பண்ணி எழுதியது. அந்த இடத்தில் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொள்வேன்.

இன்றைக்கு மேசையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இனி ஆளை அளக்காமல் ஒரு பலகையையும் அறுக்க மாட்டேன். இன்னொரு வாக்கும் தருகிறேன். இந்த மேசை எந்த வீட்டுக்குப் போனாலும், பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கொடுக்கும்போது அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன்: நாளில் ஒரு வேளை இதை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வையுங்கள், அந்த ஒரு வேளை யாராவது தட்டை ஏந்திக்கொள்ளட்டும் என்று.

இப்படிக்கு,
உங்கள் வயிற்றை அளக்கக் கூசிய
உங்கள் மாப்ளே, கோமதியின் தம்பி.