எமி டீச்சரின் புருஷனுக்கு

தேவனாம்பட்டினம்,
கடலூர்.
5.1.2010, செவ்வாய்

பாசமுள்ள மாமாவுக்கு,

உங்கள் ஒரே மச்சினி சுவாதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் மரபு. எல்லோரும் நலமாக இருந்தால், பதினோராம் வகுப்பு அரையாண்டில் இயற்பியலுக்கு முப்பத்தெட்டு வாங்கியவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கடிதம் எழுதுவாளா? (அந்த முப்பத்தெட்டை மறந்துவிடுங்கள். அது இந்தக் கடிதத்தின் பாடத்திட்டத்தில் இல்லை.)

லீவு முடிந்து நாளைக்கு பஹ்ரைனில் உங்கள் மீன்பிடிப் படகுக்கே திரும்பும் கொளஞ்சி அண்ணனிடம் அம்மா தரும் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதைச் செருகப் போகிறேன். கடிதம் மணத்தால் அது என் நடையின் மணம் அல்ல, நெத்திலி. போனில் சொல்லலாமே என்பீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அக்கா. நடுவில் மாட்டிக்கொண்ட நான் நல்லா இருக்கீங்களா மாமா, சாப்டீங்களா மாமா என்பதற்கு மேல் என்ன பேசுவது?

விஷயம் அக்காவைப் பற்றி. பதறாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைக்குத்தான் காய்ச்சல்.

விடிகாலை ஐந்து மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது உங்களுக்குத் தெரியும். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். அதாவது அக்கா தினமும் நேற்றைக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, இன்றைக்குத் திரும்பி வந்து இட்லி சாப்பிடுகிறாள். சிதம்பரத்தில் இருக்கும் கம்பெனி ஆபீசில் அவளுக்கு எமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அருள்மொழி என்றால் அந்த ஊர் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமாம்.

உங்களுக்குத் தெரியாதது கேட்டியைப் பற்றி. ஓஹியோவில் இருக்கும் பத்து வயதுப் பெண். பின்னம் என்றாலே அழுவாள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். முதல் வகுப்பில் பாதி நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தமே கேட்டதாம். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கம்ப்யூட்டர் பலகையில் மீன் படம் போட்டு, துறைமுகத்தில் அம்மா கூறு கட்டி விற்பது மாதிரி பிரித்துக் காட்டினாள். பன்னிரண்டு மீன், நாலு கூறு, மூணு கூறு வித்துப் போச்சு, மீதி எத்தனை? இப்போது கேட்டி பின்னத்தைப் பின்னி எடுக்கிறாள். அவள் பரீட்சையில் தேறிய அன்றைக்கு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காமலே எனக்கு ஜடை பின்னிவிட்டாள்.

எல்லா நாளும் அப்படி இல்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் டீச்சருக்கு நட்சத்திரம் போடுவார்கள். ஒரு பையன் அக்காவின் இங்கிலீஷைக் கேட்டு, நீங்க மிஷினா மனுஷியா என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டான். அன்றைக்கு இட்லி அப்படியே இருந்தது.

மார்கழி பிறந்தது, வம்பும் பிறந்தது. நம் தெரு மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் அக்காவின் ஜன்னலைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. நாலரைக்கு ஆரம்பித்தால் ஆறரை வரை அம்மன் பாட்டு. ஜன்னலில் துணி அடைத்து, தலையோடு போர்வை போர்த்தி, கூடாரத்துக்குள் சாமியார் மாதிரி உட்கார்ந்து பாடம் எடுத்தாள். அப்படியும் வகுப்புப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் ஆபீஸ் ஆள், பின்னால் சத்தம் என்று இரண்டு முறை எழுதிவிட்டார். மூன்றாவது முறை வந்தால் வேலை போய்விடும்.

ரேடியோ செட் வைக்கும் தங்கராசு பெரியப்பாவிடம் அக்கா போய்க் கெஞ்சினாள். ஆத்தா பாட்டக் கொறைக்கச் சொல்றியா, அமெரிக்காக்காரனைக் காதைப் பொத்திக்கச் சொல்லு என்றார் அவர். அக்கா தலையைக் குனிந்தபடி திரும்பி வந்ததைப் பார்த்ததும் எனக்குள் இருந்த எலக்ட்ரீஷியன் விழித்துக்கொண்டாள்.

மார்கழி ஏழாம் நாள். கோலம் போடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயில் பூவரச மரத்தில் ஏறி ஸ்பீக்கர் வயரை உருவிவிட்டேன். நாலரைக்குப் பாட்டு வரவில்லை. பெரியப்பா ஆம்ப்ளிஃபயர் கன்னத்தில் நாலு போட்டார். ஆத்தாவுக்கு என்ன கோபமோ என்று பயந்து தன் கன்னத்திலும் போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கோலத்தையும் போட்டுவிட்டு, வகுப்பு முடிகிற நேரத்துக்குத் துப்பட்டாவுக்குள் வயரோடு வீட்டுக்குள் வந்தால், அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மிஸ் எமி, இன்னிக்கு உங்க ஊர்ப் பாட்டு எங்கே, அந்த மேளம் இருந்தாத்தானே எனக்குக் கணக்கு வரும் என்று கேட்டாளாம் கேட்டி. அந்தக் குழந்தைக்கு அது பிடித்திருக்கிறது மாமா!

எட்டு மணிக்கு மரத்தடியில் என் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. ஊரே கூடிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போய், நான்தான் அவுக்கச் சொன்னேன், சின்னப் புள்ள அது, அத ஒண்ணும் சொல்லாதீங்க என்றாள். அத்தனை பேர் முன்னாலும் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மார்கழி போனால் போகட்டும் என்பீர்கள். பின்னாலேயே மாசி மகம், அப்புறம் ஆடி. நம் ஊர் ஸ்பீக்கருக்கு லீவே கிடையாது. ஆபீசில் ஒரு வழி சொன்னார்கள். சிதம்பரம் ஆபீசுக்கே வந்து, சத்தம் புகாத அறையில் பாடம் எடுக்கலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஐந்து மணி வகுப்புக்கு இங்கிருந்து பஸ் பிடிக்க முடியாது. அங்கே அக்காவோடு கூடப் படித்த ப்ரீத்தியின் அறையில் தங்கி, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வரலாம். புருஷன் ஊர்ல இல்லாதப்ப வெளியூர்ல தங்குனா நாலு பேரு என்னா பேசுவாங்க, மாப்ள வாயால சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம் என்பது அம்மாவின் தீர்ப்பு.

அக்கா உங்களிடம் கேட்க மாட்டாள். தீபாவளிக்குப் பேசியபோது, அந்த வேலைய விட்டுத் தொலையேன், தூக்கம் கெட்டுப் போவுது என்றீர்களாம். நீங்கள் தூக்கத்துக்காகச் சொன்னீர்கள். அவள் காதில் தங்கியது முதல் பாதி மட்டும். வெள்ளிக்கிழமை அவள் சிரித்துக்கொண்டே, நானே விட்டுடறேங்க, அலுப்பா இருக்கு என்று சொல்லப் போகிறாள். நேற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அதை நம்பாதீர்கள் மாமா. இன்று காலை கேட்டிக்கு அடுத்த மூன்று பாடங்களையும் அவசர அவசரமாக நடத்திக்கொண்டிருந்தாள். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சேர்த்துச் சமைத்து வைப்பார்களே, அந்த மாதிரி.

இதுவரை உங்களிடம் நான் சாக்லேட்டும் சென்ட்டும்தான் கேட்டிருக்கிறேன். இந்த முறை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை அவள் வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக, அருளு, சிதம்பரத்துக்கு எப்ப கெளம்புற என்று மட்டும் கேளுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் தயங்காமல் என் பெயரைச் சொல்லுங்கள்.

படகில் ஏறும்போது கவனம். மாரியாத்தா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். அவளுக்குக் கோபம் என் மேல்தான், உங்கள் மேல் இல்லை.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்
சுவாதி