ரெண்டாவது சாவி

அக். 1, புதன்

ஆயுத பூசை. காலையிலேயே வெயில். கார் கழுவுதல். பக்கத்து வீட்டுப் பிரஷர் குழாய் இரவல். இந்த வருசம் பானட்டையும் திறந்து இஞ்சினுக்குள் நன்றாக அடித்துவிட்டேன். கறுப்புத் தண்ணீர் ஓட ஓட ஒரே பெருமை. சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் விளக்கு மட்டும் எரிகிறது. பழம் நாலும் நசுங்காமல் அப்படியே.

எதிர்வீட்டம்மா: "சகுனம்லாம் ஒன்னுமில்லமா, பேட்ரியா இருக்கும்."

சகுனம் என்று நான் எப்போது சொன்னேன்?

அக். 3, வெள்ளி

மேகமூட்டம். மெக்கானிக் தனசேகர் வந்தான். ஏதோ மிஷினை மாட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, இஞ்சின்ல தண்ணி அடிச்சீங்களா?"

"பூசைக்குதானே..."

"சாமிக்கே நகைய கழட்டி வெச்சிட்டுதான் அபிஷேகம் பண்றாங்கோ. நீங்க ஈசிஎம்மு மேல ஒரு கவர் கூட போடலியே."

ஈசிஎம் என்றால் இஞ்சினுக்கு மூளையாம். சின்னப் பெட்டி. அது சொன்னால்தான் வண்டி ஓடும். கயிறு கட்டி ஓரிக்கையில் இருக்கும் தன் செட்டுக்கு இழுத்துப் போனான். மாலையோடு. மானம் போனது.

அக். 6, திங்கள்

செட். பெட்டியைத் திறந்து காட்டினான், உள்ளே பச்சையாய்ப் பூத்திருக்கிறது. புதுசுதான் போட வேண்டும். புரட்டாசி என்பதால் பிழைத்தேன். ஐப்பசி பிறந்தால் முகூர்த்தம். கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கட்டிவிடப் போகிறவள் விடியாத நேரத்தில் பஸ்ஸுக்கா நிற்பது? போடு என்றேன்.

"வரும்போது ரெண்டு சாவியும் எடுத்துக்கினு வந்துடுங்கக்கா. மாட்டும்போது பக்கத்துல இருக்குற சாவிய மட்டும்தான் புது பொட்டி கத்துக்கும். வராத சாவில கதவு தொறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆவாது."

ரெண்டாவது சாவி அவரிடம்.

அக். 7, செவ்வாய்

வாங்க: சேப்டி பின், கஞ்சி ஸ்ப்ரே, தோசைமாவு. மடிப்பு எடுத்து வைக்க வேண்டிய பட்டுகள் அப்படியே கிடக்கின்றன.

யார் படிக்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். ரெண்டு வருசம் முன்னால் என் வீட்டுக்காரர் ஏனாத்தூரில் அவளோடு குடித்தனம் வைக்கப் போனபோது எடுத்துக்கொண்டது கொஞ்சம் சட்டை, ஷேவிங் செட், கார் சாவி. "வண்டிய அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்" என்றார். அந்த 'அப்புறம் வந்து' எனக்குப் போதுமாயிருந்தது. சாவியைத் திருப்பிக் கேட்டதே இல்லை. காரை எடுக்க வருகிறவர் ஒரு வாய் காபி குடிக்க மாட்டாரா என்ற நினைப்பு. வெட்கங்கெட்ட நினைப்புதான். இருக்கிறது, என்ன செய்ய.

அக். 9, வியாழன்

மழை. கலா அக்கா போனில்.

"அவர்கிட்ட இன்னும் சாவிய கேக்கலியா? விட்டுத்தள்ளுடி. தானா செத்துப்போற சாவி அது. நீ ஏன் அதுக்கு உசுரு குடுக்கப் பாக்குற?"

கட் பண்ணிவிட்டேன். சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சமாதானம். சாம்பாருக்கு உப்பு போட மறந்திருக்கிறேன்.

அக். 13, திங்கள்

கூப்பிட்டேன். உடனே எடுத்தார். பின்னால் குக்கர் விசில்.

"சொல்லு வசந்தி."

வண்டி நின்றது, பெட்டி மாற்றுவது, சாவியைக் கற்றுக்கொடுப்பது எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"எந்த சாவி?"

"கார் சாவி. நீங்க எடுத்துக்கினு போனது."

"ஓ, அதுவா. இங்க வந்த மாசமே எங்கயோ வுட்டுட்டேன்மா. நீ உன்னுத மட்டும் போட்டுக்கோ." அப்புறம், "வண்டி நல்லா ஓடுதா?"

வண்டி ஓடவில்லை என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன். நல்லா ஓடுது என்றேன்.

வந்த மாசமே.

மத்தியானம் சாப்பிடவில்லை. துணியும் காயவில்லை.

அக். 16, வியாழன்

தூறல். ஓரிக்கை. புதுப்பெட்டி வந்துவிட்டது. தனசேகர் லேப்டாப்பை மாட்டி உட்கார்ந்தான்.

"இன்னொரு சாவி எங்கக்கா?"

"தொலைஞ்சு போச்சு."

"எப்போ?"

"ரெண்டு வருசம் ஆவுது."

தலையில் கைவைத்துக்கொண்டான். "இன்னாக்கா நீங்க! சாவிய தொலைச்சிட்டு ரெண்டு வருசமா வண்டிய தெருவுலயே நிறுத்திக்கினு இருந்தீங்களா? எவனாச்சும் வந்து எடுத்துக்கினு போயிருந்தா?"

"யாரும் வரலப்பா" என்றேன்.

என் சாவியை மட்டும் பெட்டிக்குக் கற்றுக்கொடுத்தான். சாவியைத் திருப்பச் சொன்னான். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வண்டிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "அதான் சரியாயிடிச்சே, அழுவாதீங்கக்கா" என்று சொல்லி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போனான்.