கம்பி இறக்கிய தெரு

இன்று காலை சித்திரை வீதியில் மறுபடியும் கம்பி இறக்கினார்கள். நாளை தேர். கம்பத்தில் ஏறிய ஆள் அவிழ்த்துவிட, மின்சாரக் கம்பி புழுதியில் சுருண்டு விழுந்தது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு எழுத வேண்டும்போல இருந்தது. படிக்க நீ இல்லை என்று தெரியும். வேறு யாரிடம் சொல்வது?

பாலக்கரை கரி டிப்போவின் அந்தக் கிழட்டு லாரியை நான் ஓட்டுவேன், கரி இறக்கும்போது நீ பக்கத்தில் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றுவாய். சுற்றச் சுற்ற லாரியின் கரித் தொட்டி முன்பக்கம் மாடி உயரத்துக்கு எழும்பும், கரி பின்னால் சரியும். அந்தத் தொட்டியை நீ ஒருநாளும் நம்பியதில்லை. பல்சக்கரம் வழுக்கி அது இறங்கியதில் நமக்கு முன்னால் அந்த லாரியில் வேலை பார்த்தவருக்குக் கை போனதை நீ கண்ணால் பார்த்தவன். புளியங்கட்டையை முட்டுக் கொடுக்காமல் யாரையும் அடியில் குனிய விடமாட்டாய். "தூக்குன தொட்டிக்குக் கீழ மாமியார் கூப்பிட்டாலும் போகக் கூடாது" என்பாய். அது உன் மாமியார் காதுக்கு எட்டி, ஒரு தீபாவளிக்கு உனக்கு வேட்டி வரவில்லை.

சித்திரை வீதி காபி கிளப்புக்கு மட்டும் கூடையில் சுமந்துதான் கரி இறக்குவோம். தலைக்கு மேல் கம்பி ஓடுகிற இடத்தில் தொட்டியைத் தூக்க முடியாது. ஆனால் தேருக்காக இறக்கிய கம்பியைத் திரும்ப மாட்ட இரண்டு மூன்று நாளாகும். அந்த நாள்களில் உனக்குக் கூடை இல்லை. பெருமாள் கொடுக்கிற லீவு என்று சிரிப்பாய்.

அந்த வருஷம் தேர்க்கூட்டத்துக்குக் காபி போட்டு கிளப்பில் கரி தீர்ந்துபோயிருந்தது. மறுநாள் காலை முதல் நடை கொண்டுபோனோம். கம்பி தரையில் கிடந்தது. தொட்டியைத் தூக்கிக் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பினோம். மத்தியானம் வந்தபோது கம்பி மேலே ஏறியிருந்தது. அதற்குள் தெருவை அடைத்துப் புதிதாகக் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்துக்குள் அது தெரியவில்லை. நீ வழக்கம்போலப் புளியங்கட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாய்.

தொட்டி கம்பியில் பட்ட சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். கைப்பிடியை விட முடியாமல் நின்றாய். நான் கதவைத் திறந்தேன். கம்பத்தடியிலிருந்து ஓடிவந்த ஆள், "இறங்காதீங்க, கால மண்ணுல வைக்காதீங்க" என்று கத்தினான். மண்ணில் நின்ற உனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது, வண்டிக்குள் இருந்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் மின்சாரத்தை நிறுத்தும்வரை நான் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

தெருக்கோடியில் ஒரு பெரிய வீட்டில் அன்று கல்யாண நிச்சயமாம். விளக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பியதால் அவசரமாக மாட்டினார்களாம். உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு தொட்டி பட்டு அறுந்த கம்பியை முடிந்து கட்டினார்கள். சாயங்காலம் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது.

உன் சம்சாரம் லால்குடியில் தன் தம்பி வீட்டில் இருக்கிறது. போன மாசம் போயிருந்தேன். "எப்பவும் ரெண்டு மூணு நாள் ஆவும்னுதானே அவர் சொல்வார்? அந்த வருஷம் மட்டும் என்ன அவசரம் அண்ணே?" என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. எனக்கும் தெரியலம்மா என்றேன். ஒரு வீட்டு விளக்குக்காக என்று எந்த வாயால் சொல்வேன்? காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சாமி போவதற்கு ஊரே கம்பியை இறக்கி வழி விடுகிறது. உனக்கு இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாம். இதை நான் கோயிலில் நின்றே கேட்டிருக்கிறேன்.

நாளை தொட்டியத்திலிருந்தும் லால்குடியிலிருந்தும் வருகிற கூட்டம் ரங்கா ரங்கா என்று தேரை அண்ணாந்து பார்த்துக் கும்பிடும். நானும் அண்ணாந்துதான் நிற்பேன். பெருமாளைத் தாண்டி என் கண் மேலே போகும். கம்பி இருக்கிறதா என்று பார்க்கும்.